இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும்



நம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருட்டாலைகள் பல உண்டு. கட்டடங்களுக்குப் பயன்படும் டி.எம்.டி. கம்பியைச் செய்யும் முறையைக் கேளுங்கள். உருளைகளுக்கிடையே செக்கச் சிவந்து வெளிவரும் கம்பியின்மீது நீரைப் பாய்ச்சுவார்கள். மேற்புறம் நொடிப்பொழுதில் குளிர்ந்து கடினமாகும். உட்புறமோ சூடாகவே இருக்கும். நீரைக் கடந்தபின், உள்ளிருக்கும் வெப்பம் வெளியே பரவி, மேற்புறம் எளிதில் முறியாதபடி அதனைப் பதப்படுத்தும்.

கம்பி இழந்த வெப்பம் எங்கே சென்றது? ஒரு பங்கு நீரைச் சூடாக்கிற்று. ஒரு பங்கு நீராவியோடு சென்றது. இப்படிக் கொடுத்தவர், பெற்றவர் இருவரையும் விடாமல் எழுதும் வரவு செலவுதான் நீங்கள் பள்ளியில் படிக்கும் கலவை முறைக் கணக்கு. வெப்பம் வெளியே கசியாவிட்டால், சூடான பொருள் இழந்ததும் குளிர்ந்த பொருள் பெற்றதும் சமமாகும். நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஒவ்வொன்றின் பங்கும் கிடைக்கும்.

நான் பணியேற்ற புதிதில் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். 500 டிகிரி செல்சியசில் உள்ள 1 கிலோகிராம் இரும்பை, 30 டிகிரியில் உள்ள 200 கிராம் நீரில் இடுகிறோம். இறுதி வெப்பநிலை யாது? 1 டிகிரி மாற்றத்துக்கு இரும்புக்கு 450 ஜூல். அந்நீருக்கு 840 ஜூல். சமன்பாட்டைத் தீர்த்து, 194 டிகிரி என்று விடை எழுதிப் பெருமிதத்துடன் திரும்பினேன்.

கொல்லுப் பட்டறையில் வளர்ந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, பழுத்த இரும்பைத் தொட்டியில் தோய்த்தால் தண்ணீர் சீறிக் குறைந்து போகிறதே! 194 டிகிரியில் அது தண்ணீராகவே இருக்குமா?” என்றான். எனக்கு நாணமாயிற்று. பெருக்கலில் பிழையில்லை, நீரின் இயல்பைத்தான் மறந்திருந்தேன்.

மறுநாள் அதே கணக்கை மீண்டும் போட்டோம். நீர் 100 டிகிரியை எட்ட 58,800 ஜூல் போதும். இரும்போ 100 டிகிரிக்குக் குளிரும்போது 1,80,000 ஜூல் தருகிறது. எஞ்சிய 1,21,200 ஜூல் எங்கே போகும்? கொதிநிலையில் 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். ஆகவே ஏறக்குறைய 54 கிராம் நீர் ஆவியாகும். மீதி 146 கிராம் நீரும் இரும்பும் 100 டிகிரியில் நிற்கும். பாத்திரமும் காற்றும் கொள்ளும் வெப்பத்தை இங்கே விட்டுவிட்டோம். ஆய்வுக்கூடத்தில் கலோரிமானியின் பங்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வெப்பநிலை உயராமலே பொருள் வெப்பத்தை ஏற்கும் இந்த உள்ளுறை வெப்பத்தை, 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ஜோசப் பிளாக் என்ற அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பது அதனால் தெளிவாயிற்று.

ஆகவே, சமன்பாட்டை எழுதுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இறுதி வெப்பநிலை இரு தொடக்க வெப்பநிலைகளுக்கும் இடையே இருக்கிறதா? இடையில் எந்தப் பொருளேனும் உருகுமா, கொதிக்குமா? என் விடை முதற்கேள்வியில் தேறியது; இரண்டாவதில் தோற்றது.

உங்களுக்கு ஒரு பயிற்சி. 0 டிகிரியில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியை, 30 டிகிரியில் உள்ள 200 கிராம் நீரில் இடுங்கள். 1 கிராம் உருக 334 ஜூல் வேண்டும். கட்டி முழுவதும் உருகிவிடும் என்று எண்ணிக் கணக்கிட்டால், விடை 0 டிகிரிக்கும் கீழே போகும். அப்போது பேனாவை நிறுத்திவிட்டு, குவளைக்குள் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.