வீட்டு வரியும் வாசகசாலையும்: வியன்னா நகர மன்றம் கட்டிய குடியிருப்புகள்



ஒரு நகர மன்றம் பண்பாட்டுக்கு என்ன செய்தது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் விழா மலர்களைப் புரட்டுவார்கள். நான் வரிப் பட்டியலைப் புரட்டச் சொல்வேன். வியன்னாவின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா, பேரரசை இழந்த தலைநகரம். தொழிலாளர் குடியிருந்த வாடகைக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில்தான். பல குடும்பங்களுக்கும் அவை பொது. வீடு எடுக்க வழியில்லாதவர்கள் அடுத்தவர் வீட்டில் படுக்கையை மட்டும் வாடகைக்குப் பிடித்து, சில மணி நேரம் உறங்கிவிட்டுப் போனார்கள். 1919 மே மாதத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி நகர மன்றத்தைப் பிடித்தது; ஆனால் கஜானா காலி. 1922 தொடக்கத்தில் வியன்னா தனி மாநிலமான பிறகுதான் தானே வரி விதிக்கும் அதிகாரம் முழுதாக வாய்த்தது.

அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தவர் நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர். வங்கி இயக்குநராக இருந்தவர். தங்களில் ஒருவரே தங்கள்மீது வரி போட்டதுதான் செல்வந்தர்களுக்கு அதிகம் எரிந்திருக்கும். மோட்டார் கார், பந்தயக் குதிரை, வீட்டு வேலையாட்கள் என்று ஆடம்பரம் எங்கெல்லாம் தெரிந்ததோ அங்கெல்லாம் வரி. 1923-இல் வீட்டுவசதி வரி வந்தது. சிறிய குடியிருப்புக்குச் சொற்பம். மாளிகைக்கு ஏற ஏற அதிகம். அந்தப் பணத்தில் மன்றம் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் கட்டியது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அசலும் வட்டியும் வாடகையில் ஏறியிருக்கும். வரிப்பணத்தில் கட்டியதால் பராமரிப்புச் செலவுக்கு வாடகை ஈடுகொடுத்தால் போதும். அந்த வாடகை தொழிலாளியின் வருமானத்தில் சுமார் 4 சதவீதத்தில் நின்றது. இருக்கிற இடமெல்லாம் காசாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அதனால்தான் குடியிருப்புக்குள் நூலகத்துக்கும் இடம் கிடைத்தது. பண்பாட்டு ஆர்வம் எல்லா மன்றங்களிலும் உண்டு, ஆனால் தீர்மானங்களாக மட்டும்.

1927-க்கும் 1930-க்கும் இடையே எழுந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பைப் பாருங்கள். வடிவமைத்தவர் கார்ல் ஏன் என்பவர்; புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஓட்டோ வாக்னரின் மாணவர். நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 1,382 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மீதி முற்றமும் தோட்டமும். சலவைக்கூடம், குளியற்கூடம், மழலையர் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. வீடுகளோ சிறியவை. தொடக்க காலத்தில் மன்றம் கட்டியவற்றில் பல 38 அல்லது 48 சதுர மீட்டர்தான். ஆனால் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள் வந்துவிட்டன. வீட்டுவசதி வரியில் கட்டியது என்று ஆண்டோடு சுவரிலேயே பெரிய எழுத்தில் பொறித்தார்கள். வரி கட்டியவருக்கு அதுவே ரசீது.

குறையும் சொல்ல வேண்டும். சலவைக்கூடத்துக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை; துணி துவைப்பது பெண்ணின் வேலை என்பதில் அந்தப் புரட்சியாளர்களுக்கு ஐயமே எழவில்லை. கட்சியின் பண்பாட்டுப் பணியிலும் ஒரு கேள்வி உண்டு. 1905 முதல் நடந்துவந்த தொழிலாளர் சிம்பொனிக் கச்சேரிகளை இசையமைப்பாளர் ஆன்டன் வேபர்ன் போன்ற பெரும் கலைஞர்கள் நடத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் மதுக்கடையில் தொழிலாளி தானே பாடிய பாட்டையும் கட்சி பண்பாடு என்று மதித்ததா? எனக்குச் சந்தேகம்தான்.

1934 பிப்ரவரியில் அரசுக்கும் சமூக ஜனநாயகக் கட்சியினருக்கும் இடையே நடந்த உள்நாட்டுச் சண்டையில் கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின்மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. அதற்குள் நகரெங்கும் மன்றம் கட்டிய 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. மன்றத்தைக் கலைத்தார்கள்; வீடுகளை என்ன செய்வது?

இன்று அந்நகரம் சுமார் 2,20,000 வீடுகளுக்கு உரிமையாளர். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு 2006 வரை அந்த வீடுகளின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. நகரத்தைக் கட்டியவர்களில் அவர்களும் உண்டு என்பதால் இது சிறிய விதிவிலக்கல்ல.

இப்போதைய சிக்கல் நிலம். புதிதாகக் குடியிருப்புக்கு மாற்றப்படும் பெரிய நிலப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளுக்கே என்று 2019-இல் விதி வந்தது. அந்த நிலத்துக்கு விலை உச்சவரம்பும் உண்டு. நல்ல விலை வரட்டும் என்று நில உரிமையாளர் காத்திருந்தால் விதி மட்டும் வீடு கட்டாது. அத்தகைய நேரத்தில் கைகொடுக்க, நகருக்காக முன்கூட்டியே நிலம் வாங்கி வைக்கும் நிதியம் ஒன்றை வியன்னா 1984-லேயே தொடங்கி வைத்திருக்கிறது.