அன்னம் இறங்கிய ஊர்



புறநானூற்றின் 67ஆம் பாடலை நட்பின் பாட்டாகவே படித்துப் பழகியது தமிழுலகம். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார், தாம் நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழனுக்கு ஓர் அன்னச் சேவலைத் தூது விடுக்கிறார். குமரித் துறையில் அயிரை உண்டு வடமலைக்கு மீளும் அப்பறவையை, இடையே சோழநாட்டில் இறங்கி, உறையூர் மாடத்தில் இளைப்பாறி, அரண்மனைக்குள் புகுந்து தம் பெயரைச் சொல்லுமாறு வேண்டுகிறார். வடமலையை இமயமாகக் கொள்வது மரபு. தெற்கே குமரி, வடக்கே இமயம், நடுவே உறையூர்: வலசைப் பறவையின் வழி முழுவதும் அதில் இருக்கிறது. நெடும்பயணத்திற்கு ஓர் இடைத்தங்கல் வேண்டும் என்பதையும் புலவர் அறிந்திருக்கிறார்.

அந்த அன்னம் எது? பட்டைத்தலை வாத்து என்பார் உளர். அதுவோ புல்லும் பயிரும் மேய்வது. அயிரை மீன் அதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. பெயரில் ஐயம் இருக்கலாம். வழியில் ஐயம் இல்லை. மங்கோலியா, திபெத்து, லடாக்கு ஆகிய இடங்களின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் இவ்வாத்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. செயற்கைக்கோள் கருவி பூட்டி ஆராய்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது தெரியவந்தது. அருகிய உயிர்வளியையும் இறுகப் பற்றும் குருதி அதற்கு வாய்த்திருக்கிறது.

உறையூரில் அது இன்று இறங்குவதற்கில்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்தின் கழிவையும் சேர்த்துச் சுமக்கிறது. திருவரங்கத்திலிருந்து கொள்ளிடம் கடந்து, லால்குடி வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் அதனைக் காணலாம். ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பட்டியல் ஏரியை நிரப்பாது. கரைவெட்டி ஒரு பாசன ஏரி. புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் காவிரி நீரும் வடகிழக்குப் பருவமழையுமே அதற்கு வாழ்வு. காவிரி பொய்க்கும் ஆண்டில் பறவைக்கும் இடமில்லை. நீர் நிறைந்த ஆண்டிலும் சிக்கல் உண்டு: நெல்லுக்கு மடை திறக்க வேண்டிய அதே மாதங்களில்தான் வாத்துகளுக்கும் அந்நீர் வேண்டும். உழவரைப் பகைத்துப் பறவையைக் காக்க இயலாது. எவ்வளவு நீரை நிறுத்துவது என்பதை உழவரும் பாசனத் துறையினரும் வனத்துறையினரும் ஒன்றாக அமர்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும். கவிஞர்கள் அவ்விடத்தில் இருந்தால் தவறில்லை.

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, கிளுவை, தட்டைவாயன் போன்ற வலசை வாத்துகள் குறைந்துவருவதைக் காட்டியது. மத்திய ஆசிய வான்வழி முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்வது. சைபீரியாவில் கூடு பாதுகாப்பாக இருந்தும், வழியிலோ வந்து சேரும் இடத்திலோ ஏரி வற்றினால் பறவை குறையும். காதலின் பொருட்டும் பக்தியின் பொருட்டும் நாரையையும் அன்னத்தையும் தூது விடுத்த மரபு தமிழ்க் கவிதைக்கு உண்டு. இன்றும் புதுக்கவிதையில் அன்னம் வருகிறது, பெரும்பாலும் பாலையும் நீரையும் பிரிப்பதற்காக. மார்கழியில் கரைவெட்டிக் கரைமீது நின்று அதனைப் பார்த்தவர் எத்தனை பேர்? பங்குனி வெயில் ஏறும்முன் அவை வடக்கே கிளம்பிவிடும்.