கைமாறிய களியாட்டப் பூங்காக்கள்

குளிர்காலம் நீங்கி வெயில் தலைகாட்டியதும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல நகரங்களிலே பெற்றோர் பிள்ளைகளுடன் களியாட்டப் பூங்காவை நாடிச் செல்வர். இராட்டினமும் நீர்ச்சறுக்கும் அங்கே உண்டு. ரோலர் கோஸ்டர் எனப்படும், உயர ஏறிப் பாய்ந்திறங்கும் தண்டவாள வண்டியும் உண்டு. பாட்டனார் ஏறிய வண்டியிலே பேரனும் ஏறுவான். இத்தகைய பூங்காவொன்று விலைபேசப்படுமாயின், அது வெறும் நிலத்தின் விற்பனையாகுமா?

1961ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரிலே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. டெக்சாஸை வெவ்வேறு காலங்களில் ஆண்ட ஆறு அரசுகளின் கொடிகளை நினைவூட்டி, அதற்கு ‘சிக்ஸ் பிளாக்ஸ்’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் வளர்ந்து பெருங் கம்பனியாயிற்று. 1998இல் அதனை வாங்கிய பிரீமியர் பார்க்ஸ் என்னும் நிறுவனம், தன்னிடமிருந்த ஊர்ப்பூங்காக்கள் பலவற்றுக்கும் அதே பெயரைச் சூட்டியது. வாங்கியதும் விரித்ததும் பெரும்பாலும் கடன் பணத்தினாலேயே. 2006ஆம் ஆண்டளவில் அக்கடன் 200 கோடி டொலரைத் தாண்டியிருந்தது.

கடன் நெருக்கும்போது சிறிய பூங்காக்களே முதலில் விலைக்கு வருவதேன்? குளிர் மிகுந்த இடங்களிலே பூங்கா திறந்திருப்பது சில மாதங்களே. ஆயினும் பராமரிப்பும் காப்புறுதியும் நிலவரியும் ஆண்டு முழுவதற்கும் உரியன. புதிய வண்டியொன்றைப் பெரிய பூங்காவில் அமைத்தால் தொலைவிலுள்ளோரும் வருவர். சிறியதில் அமைத்தால் அயலூரார் மட்டுமே வருவர். ஆகவே, 2007இல் அக்கம்பனி ஏழு பூங்காக்களை 31 கோடி 20 இலட்சம் டொலருக்கு விற்றது. எனினும் கடன் தீர்ந்தபாடில்லை. 2009 யூன் மாதத்தில், ஏறத்தாழ 240 கோடி டொலர் கடனுடன், அது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது.

விற்கப்பட்டவற்றுள் ஒன்று, டென்வர் நகரத்து எலிச் தோட்டம். 1890இல் தோன்றிய அது, 1995இல் அந்நகரிலேயே வேறிடத்துக்கு மாறியது. பின்னர் கம்பனியின் பெயரையும் தாங்கியது. விற்பனையின் பின், பழைய பெயரையே மீண்டும் பெற்றது. கைமாறியதனால் அது அழிந்துவிடவில்லை.

ஒகாயோ மாநிலத்து ஜியோகா ஏரிக்கரைப் பூங்காவின் கதையோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கிய அச்சிறு பூங்காவிலே, 1925ஆம் ஆண்டு முதல் மரத்தாலான ரோலர் கோஸ்டர் ஒன்று ஓடியது. 2000ஆம் ஆண்டில் கம்பனி அங்கே புதிய வண்டிகளை நிறுவியது. மறு ஆண்டில் ஏரியின் எதிர்க்கரையிலிருந்த கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையையும் வாங்கி இணைத்தது. செலவுக்கேற்பக் கூட்டம் பெருகவில்லை. 2004இல் 14 கோடி 50 இலட்சம் டொலருக்கு அதனை வாங்கிய சீடர் பெயர் நிறுவனத்துக்கு, அதே மாநிலத்தில் வேறொரு பெரிய பூங்கா இருந்தது. 2007ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஜியோகாவின் வண்டிகள் நின்றன. நீர்விளையாட்டுப் பகுதி மட்டும் 2016 வரை நீடித்தது. ஓடாது நின்ற பழைய மரவண்டிப் பாதையும் அவ்வாண்டிலேயே இடிக்கப்பட்டது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பர் நம் முன்னோர். ஜியோகாவுக்குக் கேடாய் முடிந்தது அதன் சிறுமையன்று. தாங்கவியலாத பெருமையை அதன்மீது ஏற்றியமையே. சிறியதைச் சிறியதாகவே பேணத் தெரிந்தவர் கையிலே அது பிழைத்திருக்கவுங்கூடும். விற்ற கம்பனியே, 2017, 2018ஆம் ஆண்டுகளில், அந்த ஏழு பூங்காக்களுள் ஐந்தைக் குத்தகைக்கு எடுத்து மீண்டும் நடத்த முன்வந்தது. பாரமென்று தள்ளியவற்றிலும் பயனுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் அவ்வாறு திரும்பி வருவதற்குப் பூங்கா நிலைத்திருத்தல் வேண்டும். விற்ற பூங்காவை மீண்டும் பெறலாம். இடித்த பூங்காவைப் பெறுதல் எங்ஙனம்? கணக்கேட்டிலே ஒரு வரியாக நிற்பது, ஓர் ஊரின் பிள்ளைகளுக்குக் கோடைகாலம் முழுவதுமாகும். விலை குறிப்போர் அதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.