கம்பெனி சம்பளமும் குழுக் கடனும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

முகையூர் பக்கம் நம்ம பிள்ளைங்க நிறைய பேர் கம்பெனி வேலைக்குப் போறாங்க. அந்தச் சம்பளத்தை நம்பி நாம குழுவில் கடன் வாங்குறோம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்கள். அந்தக் கம்பெனியின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, வரி வழக்கில் மாட்டியிருந்த இந்த ஆலையை மட்டும் சேர்க்கலை. செல்போன் செய்யும் வேலையை முக்கியமா வியட்நாமில் வச்சுக்கிட்டாங்க. 2014 நவம்பர் 1-ல் நம்ம ஆலை நின்னுபோச்சு.

இதே நோக்கியா 2008-ல் ஜெர்மனியில் போஹும் என்ற ஊரில் ஆலையை மூடினது. சுமார் 2,300 பேருக்கு வேலை போச்சு. அந்த வேலை ருமேனியாவுக்குப் போச்சு. அங்கேயும் 2011-ல் மூடி, ஆசியாவுக்குக் கொண்டு வந்தாங்க. நமக்கு வேலை வந்தப்போ வேற ஊர்ல ஒரு தாய் அழுதிருக்கா. இது நமக்குத் தெரியலை.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் மகள் அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் இருந்தாள். ஒரே ரூமில் ஆறு பொண்ணுங்க தங்கி வேலை பார்த்தாங்க. அவள் சம்பளத்தை நம்பி நாத்தனார் வீடு கட்டக் குழுவில் 40,000 ரூபாய் வாங்கினாங்க. அந்தக் கம்பெனியும் மூடிட்டாங்க. கான்ட்ராக்ட் வேலை, அதனால் கையில் ஒண்ணும் கொடுக்கலை.

மூணு மாசம் தவணை வரலை. ஒருத்தர் நின்னா குழு பேரே பேங்கில் கெட்டுப்போகுமே! அப்போ நான்தான் ஊக்குநர். எல்லார் முன்னாடியும், “அண்ணி, தவணை எங்கே?”ன்னு அதட்டிக் கேட்டேன். அவங்க பேசாம கம்மலைக் கழட்டித் தீர்மான நோட்டு மேல வச்சாங்க. ஒரு பெரியம்மா அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்து, “இது குழுவா, அடகுக்கடையா?”ன்னு கேட்டாங்க. எனக்குத் தலை நிமிர முடியலை.

ஆறு மாசம் வட்டி மட்டும் கட்டட்டும்னு தீர்மானம் போட்டோம். அண்ணி மல்லாட்டை பிடுங்கப் போயும், பால் ஊத்தியும் பாக்கி இல்லாம கட்டி முடிச்சாங்க.

அதனால் மூணு விஷயம் சொல்றேன். பிள்ளை வேலைக்குச் சேர்ந்தா கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளான்னு கேளுங்க; வேலை உத்தரவையும் பி.எஃப். நம்பரையும் வாங்கி வையுங்க. அந்தச் சம்பளம் நின்னாலும் மாட்டை வச்சோ தையலை வச்சோ கட்டக்கூடிய அளவுக்குக் கடன் வாங்குங்க. வேலை போனா மறைக்காம முதல்ல குழுவில் சொல்லுங்க.

அந்த ஆலையில் 2020-லிருந்து சால்காம்ப் கம்பெனி செல்போன் சார்ஜர் செய்யுது. நம்ம பொண்ணுங்க மறுபடியும் வேலைக்குப் போறாங்க. போகட்டும், சந்தோஷம்தான். கம்பெனி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். வாராவாரம் உட்காருகிற நம்ம குழு எங்கேயும் போகாது.