நடும் முன் கேளுங்கள்

பட்டம் பெறும் இளைஞர்களே,

உயிரியல் படித்த உங்கள் கைக்கு, நாளை ஏதோ ஒரு நிலத்தை மதிப்பிடும் பொறுப்பு வரும். 'இங்கே எத்தனை இனங்கள்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி மட்டும் போதாது என்று சொல்லவே வந்தேன்.

அமேசான் காட்டில் சில இடங்களில் ஒரே ஹெக்டேரில் 200க்கும் மேற்பட்ட மர இனங்கள் உண்டு. உலகிலுள்ள அலையாத்தி மர இனங்களை எல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ 70தான். வெயிலும் மழையும் ஆண்டு முழுதும் கிடைக்கும் இடத்தில் பலவும் பிழைக்கும். உப்பும் காற்றுப் புகாத சேறும் சேர்ந்த கழிமுகத்தில், உப்பைச் சமாளிக்கவும் மூச்சுவேர் விடவும் வல்லவை மட்டுமே நிற்கும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போனால் சில மரங்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஆனால் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அவற்றின் வேரடியில். அவை அழிந்தால் அந்த இடத்தில் நிற்க அமேசானின் எந்த மரத்தாலும் ஆகாது.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1960இல் இத்தகைய வேறுபாட்டை அளக்க ஒரு கணக்கு வகுத்தார். ஓரிடத்துக்குள் உள்ள பன்மை ஆல்ஃபா. இடத்துக்கு இடம் இனங்கள் மாறும் அளவு பீட்டா. வட்டாரம் முழுவதன் பன்மை காமா. நீலகிரி உச்சியில் பீட்டாவைக் கண்ணாலேயே பார்க்கலாம். சோலைக்குள் கருமந்தி தாவும். நாலெட்டு வைத்து வெளியே வந்தால், வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் புல்வெளியில்.

அந்தப் புல்வெளியை வெள்ளையர் ஆட்சி வெற்றிடம் என்று எண்ணியது. சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். விடுதலைக்குப் பின் நாமும் நட்டோம். மரம் பெருகியது, புல்வெளிக்கே உரிய உயிர்கள் ஒதுங்கின. பசுமை கூடியபோதே பன்மை குறைந்தது. இன்று சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது. உங்களில் சிலர் அதற்கே போகக்கூடும்.

மேடைதோறும் மரக்கன்று நடச் சொல்வார்கள். நடுங்கள், அதற்கு முன் அந்த நிலம் காடா, புல்வெளியா, சதுப்பா, தேரியா என்று கேளுங்கள். பதிவேட்டில் ஒரு நிலம் 'தரிசு' என்றிருந்தால், கையெழுத்திடும் முன் ஒரு கோடையிலும் ஒரு மழைக்காலத்திலும் அங்கே நடந்து பாருங்கள். வேறெங்கும் வாழ முடியாத உயிர் எது என்று தேடி, அதை உங்கள் அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள்.