ஒரு லொறி வேலையின் வரவு செலவு

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் மருத்துநீர் வைத்து முழுகிக் கைவிசேடமும் வாங்கியிருப்பீர்கள். பஞ்சாங்கத்தில் உங்கள் இராசிக்கு வரவு எத்தனை, செலவு எத்தனை என்றும் பார்த்திருப்பீர்கள். வரவு இரண்டு, செலவு எட்டு என்று கண்டால் எங்கள் அம்மாவின் முகம் மத்தியானம் வரைக்கும் வாடிப் போயிருக்கும். நானும் இன்று ஒரு வரவு செலவு சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இது ஒரு லொறி வேலையின் கணக்கு.

நான் ஒரு உணவகக் குசினியில் நிரந்தர ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். பாரமான வாகனப் பெர்மியும், சரக்குச் சாரதிகளுக்கான 140 மணித்தியாலக் கட்டாயப் பயிற்சியும் முடித்து வைத்திருக்கிறேன். போன வருடம் மாசி மாதம் ஒரு இன்ரெறிம் நிலையத்திலிருந்து ரெலிபோன் வந்தது. "ஒரு சாரதி சுகவீன லீவில் நிற்கிறார். அவர் திரும்பி வரும்வரை ஓட வேண்டும். மாதம் கைக்கு 2,750 யூரோ வரும்" என்றார்கள். குசினியில் எனக்குக் கைக்கு வருவது 1,700. சீட்டுக் காசு இரண்டு தவணை பாக்கி. மகளின் படிப்புச் செலவு வேறு. மனம் அன்றிரவே லொறியில் ஏறிவிட்டது.

எங்கள் அப்பாவும் லொறிச் சாரதிதான். 1990இல் ஏ9 பாதை மூடப்படும்வரை வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடியவர். ஆனால் அந்த லொறியில் ஒரு கிளீனர் இருப்பான். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்க நாட்டாமைமார் நிற்பார்கள். அப்பாவின் வேலை ஸ்ரியறிங் பிடிப்பது மட்டுந்தான். இங்கே சாரதி, கிளீனர், நாட்டாமை மூன்று பேரும் ஒரே ஆள். ஊரில் லொறி ஓடியவர்கள் இதை நினைக்காமல் "எனக்குத் தெரிந்த தொழில்தானே" என்று ஏறிவிடுகிறார்கள்.

மனைவி ஒரு கொப்பியை எடுத்துத் தந்தா. "ஆசைப்பட முதல் கணக்கைப் பாருங்கோ" என்றா. பார்த்தோம்.

இன்ரெறிமில் வேலை முடியும்போது முடிவுக் காசு 10 வீதம், அதற்கு மேல் விடுமுறைக் காசு 10 வீதம் சேரும். அவர்கள் சொன்ன 2,750இல் இரண்டும் சேர்ந்திருந்தன. அது ஏறக்குறைய 475 யூரோ. விடுமுறைக் காசு குசினியிலும் எனக்கு உண்டு, லீவில் நிற்கும்போது வருகிறது. மற்றப் 10 வீதம், வேலை முடிந்ததும் வெறுங்கையோடு நிற்கப் போவதற்கான ஈடு. நானாக இடையில் விட்டுவிட்டு வந்தால் அதுவும் பொதுவாகக் கிடையாது. இரண்டையும் கழித்தால் மிச்சம் 2,275. குசினியில் கிழமைக்கு 39 மணித்தியாலம், லொறியில் 48. வகுத்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஒரு யூரோகூட வித்தியாசம் வரவில்லை!

குசினியை வைத்துக்கொண்டு இதையும் செய்யலாமோ என்றால், எத்தனை முதலாளி இருந்தாலும் கிழமைக்கு மொத்தம் 48 மணித்தியாலம்தான் சட்டம். நிரந்தர வேலையை நானாக விட்டுப் போனால், பொதுவாக வேலையில்லாக் காசும் இல்லை.

ஆனாலும் சொல்லுறன், கடன்காரனுக்கு வகுத்தல் கணக்கு ஏறாது. மாதக் கடைசியில் முழுசாக வரும் 1,050 யூரோ மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். என்னை நிற்பாட்டியது வேறொன்று.

கையெழுத்துக்கு ஒப்பந்தம் வந்தது. ஒருவருடைய இடத்துக்குப் பதிலாகப் போகும் இன்ரெறிம் ஒப்பந்தத்தில், யாருக்குப் பதிலாகப் போகிறோம் என்று அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியிருந்தது. அதே டிப்போவில் பெட்டி அடுக்கும் ஒருவரைப் பிடித்து அந்த மனிதரின் நம்பரை எடுத்தேன். மாலி நாட்டுக்காரர், ஐம்பது வயது. ஓட்டம் சுகம் என்றார். லொறிக்குப் பின்னால் சாமானை ஏற்றி இறக்கும் மின்தட்டு, நாங்கள் 'ஆயோன்' என்கிறோமே, அது மாரி தொடங்கியதிலிருந்து உடைந்து கிடக்கிறதாம். கடை கடையாக எல்லாம் கையால்தான். அவருக்கு முதுகெலும்புத் தட்டு விலகி, ஒரு கால் விறைத்துப் போயிருந்தது.

ஒரு ஆணுக்கு வழமையாக 55 கிலோவுக்கு மேல் தூக்க வைப்பதென்றால், அவரால் முடியும் என்று தொழில் வைத்தியர் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அரிசி மூட்டை 20 கிலோதானே! 300 மூட்டை இறக்கினால் ஆறு தொன். சட்டம் மூட்டை மூட்டையாக நிறுக்கிறது, முதுகு எல்லாவற்றையும் கூட்டி நிறுக்கிறது.

நான் மாட்டேன் என்று சொன்னேன். மனைவியின் இரண்டு காப்பு அடகுக்குப் போனது, சீட்டுக்காரரிடம் தவணை கேட்டுத் தலைகுனிந்து நின்றேன். மறுப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்று மேடையில் ஏறியிருக்க மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை அதே இருக்கையில் எங்கள் தம்பி ஒருவர் ஏறினார். வயது 26. லாச்சப்பலில், றூ கை மூலைக் கடையில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'தனக்குக் கிடைக்காத எரிச்சலில் சொல்லுறார்' என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் பேசாமல் வந்துவிட்டேன். ஆறாம் கிழமை அவரை இடுப்பில் பட்டியோடு கண்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மூட்டை இறக்கும்போது முதுகு பிடித்திருக்கிறது. தைலம் பூசிக்கொண்டு வெள்ளியும் ஓடினார். திங்கள்தான் சொன்னார். அதோடு இன்னொன்று. லொறியில் நேரம் பதியும் கருவி இருக்கிறதல்லவா? ஓடும்போது ஸ்ரியறிங் அடையாளம், ஏற்றி இறக்கும்போது குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல், ஓய்வுக்குக் கட்டில். "மணித்தியாலம் மிச்சம் பிடிக்கலாம்" என்று யாரோ சொல்ல, இறக்கும் நேரமெல்லாம் கட்டிலை அமத்தி வந்திருக்கிறார். ஆகவே பதிவின்படி, முதுகு பிடித்த அந்த நேரத்தில் அவர் ஓய்வெடுத்துக் கொண்டிருந்தார்!

வேலை விபத்தென்றால் மறுநாளிலிருந்தே காசு வரும், முதல் 28 நாளும் நாட்சம்பளத்தில் 60 வீதம், பிறகு 80. அவருக்கு அது சாதாரண வருத்தமாகப் போய்விட்டது. முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை, பிறகு பாதி.

தம்பிமாரே, லொறி வேலைக்குப் போகாதேயுங்கோ என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில். ஆயோன் வேலை செய்யும் லொறி, மேடையில் இறக்கும் டிப்போ, பலெற் இழுக்க வண்டில், இவை இருந்தால் நானும் ஓடுவேன். கையெழுத்து வைக்க முதல் ஒன்று கேளுங்கள்: இந்த இருக்கை ஏன் காலியானது? லீவில் போனவரா, வேறு வேலை கிடைத்துப் போனவரா, முறிந்து விழுந்தவரா? பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

ஏறிவிட்டால், இறக்கும் நேரத்துக்குச் சுத்தியலை அமத்துங்கள். நாலரை மணித்தியால ஓட்டத்துக்கு 45 நிமிட ஓய்வு என்பது மூட்டை தூக்கும் 45 நிமிடமல்ல. அடிபட்டால் 24 மணித்தியாலத்துக்குள் கொம்பனிக்கும் இன்ரெறிமுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் அறிவிக்காமல் விட்டால், அடுத்த இரண்டாம் வருட முடிவுவரை நாங்களே காப்புறுதிக்கு அறிவிக்கலாம். பாரம் தூக்கி வரும் முதுகு வருத்தம் 1999இலிருந்து தொழில் நோய் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் தூக்கியதாகக் காட்ட வேண்டும். இரண்டு மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே என்று ஓடுபவன் அதை எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். நீங்கள் வேண்டாம் என்று விட்ட இடத்துக்கு எங்கட ஆள் ஒருவர் போகிறார் என்று தெரிந்தால், கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். ஞாயிறு பின்னேரங்களில் நான் சங்கத்தில்தான் நிற்பேன். ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள், இருந்து வாசிப்போம்.

அந்தத் தம்பி இப்போது நடமாடுகிறார். லொறியில் இன்னும் ஏறவில்லை. இந்த வருடமாவது அவருடைய இராசிக்கு வரவு கூடட்டும்.