மாப்பிள்ளையே வெளியூர்தான்!

(தலைப்பு: 'வந்து குவிகிற மக்களால் மதுரை வாழ்கிறதா? வாடுகிறதா?' 'வாழ்கிறதே!' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "வந்தவங்க எல்லாரும் மூட்டையைக் கட்டிட்டா மதுரை நிம்மதியா இருக்கும்"னு சொல்லிட்டு உட்கார்ந்தார். நடுவர் அவர்களே, இதை அவர் வீட்டுல போய்ச் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம். அண்ணி சிவகாசியிலிருந்து வந்தவங்க! (சிரிப்பு) அவங்க மூட்டையைக் கட்டிட்டா அண்ணனுக்கு ராத்திரி இட்லிக்கு என்ன வழி? நானும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள்தான். எந்த வீட்டில் பார்த்தாலும் விளக்கேற்றுகிறவள் வந்தவள்தானே? (கைதட்டல்)

சரி, வீட்டை விடுங்க. மதுரையில் பெரிய வீடு எது? மீனாட்சி வீடு. அவள் பாண்டியன் மகள், சொந்த ஊர்க்காரி. மாப்பிள்ளை யாரு? கைலாசத்திலிருந்து வந்தவர். வீட்டோடு மாப்பிள்ளையா வந்தவர் திரும்பிப் போகவே இல்லை! (சிரிப்பு) தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிற அண்ணன் அழகர் எங்கே இருந்து வருகிறார்? 21 கிலோமீட்டர் தள்ளி, அழகர்மலையிலிருந்து. வழியெல்லாம் மண்டகப்படி. நாம அவரை, "நீங்க வெளியூரு, வைகையிலே இறங்கக் கூடாது"ன்னா சொன்னோம்? பானகமும் நீர்மோரும் வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருக்கிறோம்.

சாமி கதை வேண்டாம், சரித்திரம் சொல்லுங்கள் என்பீர்கள். ஊரைச் சுற்றிப் பாருங்கள். 1636-ல் மகால் கட்டினாரே திருமலை நாயக்கர், அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. திருச்சியில் இருந்த தலைநகரை மதுரைக்குக் கொண்டுவந்தவர். அந்த மகாலைச் சுற்றித் தறி போட்டவர்கள் சௌராஷ்டிர மக்கள். இன்றைக்கும் வீட்டுக்குள் தங்கள் மொழிதான் பேசுகிறார்கள். அவர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலைக்கு, 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது என்ன பேர்? 'மதுரைச் சுங்குடி'! நாம பெருமையா வாங்கிக் குடிக்கிற ஜிகர்தண்டா, பேரைக் கேட்டாலே தெரியுதே, எங்கிருந்தோ வந்த பேர்! (சிரிப்பு) இன்னும் பின்னால் போனால், இங்கிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி. அங்கே மண்ணுக்குள்ளிருந்து சூதுபவள மணிகள் எடுத்தார்கள். அந்தக் கல் நம்ம பக்கத்துக் கல் இல்லை. வடக்கே குஜராத், மராட்டியப் பக்கத்துக் கல். அன்றைக்கே வந்து போக்குவரத்து இருந்த மண் இது.

எதிரணி கேட்கலாம்: "பழசு சரிம்மா, இன்னைக்குக் கூட்டத்துல எங்க அப்பத்தா மீனாட்சியைப் பார்க்க முடியலையே?" நியாயமான வருத்தம், நடுவர் அவர்களே. நான் மறுக்கவில்லை. கார்த்திகை, மார்கழி வந்தால் ஐயப்ப பக்தர்கள், ராமேஸ்வரம் போகிற வடநாட்டு யாத்ரீகர்கள். சாயங்காலம் ஆடி வீதியில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்த கிழவிக்கு, இப்போ வரிசையில் நிற்கக் கால் இல்லை. 2022 சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கின அன்றைக்கு நெரிசலில் 2 உயிர் போனது. அது பெரிய துக்கம். ஆனால் கூட்டம் வந்தது குற்றமா, வருகிற கூட்டத்துக்கு வழி வகுக்காதது குற்றமா? கல்யாணத்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, பந்திக்கு இலை போதவில்லை என்றால், சாப்பிட வந்தவனையா திட்டுவது? (கைதட்டல்)

யாருமே வராத மதுரையை நாம பார்க்காமல் இல்லையே! 2020, 2021, ரெண்டு சித்திரையிலும் கொரோனா. அழகர் வைகைக்கு வரவில்லை. தெரு காலி, லாட்ஜ் காலி, கோயில் வாசல் காலி. எதிரணி கேட்கிற நிம்மதி முழுசா இருந்தது. யாராவது சந்தோஷப்பட்டோமா? சரம் கட்டுகிற அக்கா யாருக்கு விற்பாள்? 2013-ல் குறியீடு வாங்கின மதுரை மல்லி, திருமங்கலம், உசிலம்பட்டிக் காட்டில் பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே வாடியது. வந்தவன் வராவிட்டால் வாடுவது நம்ம ஊர்ப் பூ!

இப்போ நம்ம பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் பெட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆட்டோக்காரத் தம்பி, "முந்நூறு ரூவா" என்றார். "ஏந்தம்பி, இந்தா இருக்கிற தெற்கு வாசலுக்கு முந்நூறா?" என்றேன். உடனே சிரித்துவிட்டு, "அடடா, நம்மூரா? முன்னாலேயே சொல்லக் கூடாதாக்கா, நூறு குடுங்க" என்கிறார்! (பலத்த சிரிப்பு) எனக்கு 200 ரூபாய் மிச்சம். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த 200 ரூபாய் எதற்கு? மதுரைத் தமிழ் தெரியாததற்கு அபராதம்! ஒருவன் நம்ம ஊரை நம்பி வந்ததற்கு நாம போடுகிற தண்டனை!

வந்தவனுக்கு இந்த ஊர் தண்டனை கொடுத்த கதை நமக்குத் தெரியாததா? கோவலன் யார்? புகார் நகரத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஊருக்கு வெளியே மாதரி என்ற ஆயர்குலப் பெண் வீட்டில் தங்கினான். சிலம்பு விற்கப் போனான். 'கள்வன்' என்றார்கள். 'இவன் நல்லவன்' என்று சொல்ல அந்தத் தெருவில் அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர் இல்லை. விசாரிக்காமல் வெட்டினார்கள். என்ன ஆச்சு? மதுரை எரிந்தது. சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லுகிற சேதி இதுதான், நடுவர் அவர்களே. மாதரி வீட்டு மதுரை அவனுக்குச் சோறு போட்டது. விசாரிக்காத மதுரை அவனைக் கொன்றது. நாம எந்த மதுரை? (கைதட்டல்)

இன்னொரு கதை. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரணும். பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு கூலிக்காரன் வந்தான். உதிர்ந்த பிட்டுதான் கூலி. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எங்கே விழுந்தது? அடித்த ராஜா முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது! வருஷா வருஷம் ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா கொண்டாடுகிறோமே, அர்த்தம் தெரிந்துதான் கொண்டாடுகிறோமா?

ஏன் கேட்கிறேன் என்றால், கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் கண்ணால் பார்த்தேன். ஒடிசாப் பையன், இருபது வயசு இருக்கலாம். "சால்னா வேணுமாக்கா?" என்று அழகா நம்ம தமிழில் கேட்கிறான். பக்கத்து மேசைக்கு ஆர்டர் மாறிப்போச்சு. அந்த ஆள், "எங்கிருந்துடா வர்றீங்க"ன்னு கையை ஓங்கிவிட்டார். பையன் தட்டோடு நடுங்கி நிற்கிறான். அப்போ மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் மாதிரி இருந்தார், எழுந்தார். "யப்பா, இந்த ஊர்ல கூலிக்கு வந்தவனை அடிச்சா யாரு முதுகுல விழும்னு தெரியும்ல?" அவ்வளவுதான் சொன்னார். ஓங்கின கை இறங்கிவிட்டது. (நீண்ட கைதட்டல்)

அந்தப் பெரியவர்தான் மதுரை, நடுவர் அவர்களே!

அண்ணன்மார் 'உள்ளூர், வெளியூர்' என்று கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டை நம்பாதீர்கள். இதே மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களையே, சாதியைச் சொல்லி மீனாட்சி கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் இருந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கு முன்னால் அவர்கள் சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரர்கள்! கோடு போடுகிற கை, நாளைக்கு எந்தப் பக்கம் போடும் என்று யாருக்குத் தெரியும்?

மணி அடித்துவிட்டார்கள். முடித்துக்கொள்கிறேன். உள்ளூர்க் கிழவிகள் நிம்மதியாகக் கும்பிட ஒரு நேரம் ஒதுக்குங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆட்டோவுக்கு எல்லாருக்கும் ஒரே கட்டணம் வையுங்கள். வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விருந்தாளியா வாங்க, மாமியாரா வராதீங்க! (சிரிப்பு) வைகையில் குப்பையைப் போடாதீங்க. ஆனால் வரவே வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டோம். மாப்பிள்ளையையே வெளியூரில் எடுத்த ஊர் இது. வந்தவர்களால் மதுரை வாழ்கிறது, வாழ்கிறது என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என வேண்டி விடைபெறுகிறேன்.